ஒரு சின்ன மிக்ஸர், ஒரு பழைய லப்டொப், லினக்ஸ்: எங்கட குரலை நாங்களே பதிவோம்

பொட்காஸ்ட் தொடங்கப் போகிறோம், அண்ணாவியார் ஒருவரின் கூத்துப் பாட்டைப் பதிவு செய்யப் போகிறோம், அம்மம்மாவின் கதையைக் கேட்டு வைக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே வருகிற கேள்வி ஒன்றுதான்: "என்ன லப்டொப் வச்சிருக்கிறியள்?" அடுத்தது, "என்ன சொஃப்ட்வெயார்?" யாருடைய குரல், எந்த ஊரில், என்ன சத்தத்துக்கு நடுவில் என்பதெல்லாம் பிறகுதான். சிலவேளை அந்தக் கேள்விகள் வருவதேயில்லை. முதல் இரண்டுக்கும் 'சரியான' பதில் இல்லாத பெடியளும் பெட்டையளும் அதோடு யோசனையையே விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் சொல்ல வருவது சின்ன விசயம். பழைய லப்டொப் ஒன்று, அதில் லினக்ஸ், பக்கத்தில் கையடக்கமான ஒரு மிக்ஸர், ஒன்றோ இரண்டோ சாதாரண மைக். மனிதக் குரலை ஒழுங்காகப் பதிய இவ்வளவும் போதும். காசில்லாத ஆக்களுக்கான மாற்றுவழி என்று இதைச் சொல்லவில்லை. காசு இருந்தாலும் முதலில் இதைத்தான் யோசிக்க வேணும் என்கிறோம்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2022இல் ரூபாய் விழுந்த விழுகை எல்லாருக்கும் நினைவிருக்கும். இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதத்துக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வருகிற எந்த மின்னணுப் பொருளும் அதற்குப் பிறகு பழைய விலைக்குத் திரும்பவில்லை. அந்தக் காயம் ஆறமுதல் அடுத்த அடி. 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 போடுவதற்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேணும். வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பிய, அண்ணா கம்பஸ் முடித்துத் தந்த லப்டொப்புகள் எத்தனை இந்த நிபந்தனைக்குள் வரும்? இயந்திரம் பழுதில்லை, திரை பழுதில்லை, விசைப்பலகையில் ஒன்றிரண்டு எழுத்து தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் 'பழசு' என்று முத்திரை குத்தியாயிற்று.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருக்கிறது. கடையில் போட்டுத் தருகிற கள்ள விண்டோஸ், அதற்கு மேல் 'கிராக்' பண்ணிய எடிட்டிங் சொஃப்ட்வெயார். எல்லாரும் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. இதன் ஒழுக்கத்தைப் பற்றி இங்கே பிரசங்கம் வைக்க வரவில்லை. எங்கள் கவலை வேறு. கிராக் ஒருநாள் வேலை செய்யாமல் விடும். அன்றைக்கு அந்தச் சொஃப்ட்வெயார் மட்டும் திறக்கக்கூடிய கோப்புக்குள் கிடக்கிற குரலை எப்படி எடுப்பது? எண்பது வயது மனிதர் ஒருவர் இரண்டு மணித்தியாலம் கதைத்தது அதற்குள் இருக்கிறது. அவரிடம் திரும்பப் போய் "ஐயா, இன்னொருக்கா சொல்லுங்கோ" என்று கேட்க அவர் இருப்பாரா என்பதும் தெரியாது.

"லினக்ஸில ஓடியோ சரிவராது" என்று சொல்லுகிற ஆக்களைக் கட்டாயம் சந்திப்பீர்கள். அவர்கள் சொல்வது முழுப்பொய் இல்லை, ஆனால் அது பழைய கதை. லினக்ஸின் ஒலி வரலாறு கொஞ்சம் சிக்கலானது. சவுண்ட் காட்டோடு கதைக்கிற அடிப்படை வேலையை அல்சா என்ற அடுக்கு செய்கிறது. யாரோஸ்லாவ் கிசேலா என்ற செக் நாட்டுக்காரர் தொடக்கிய அது லினக்ஸ் கருவின் பகுதியாகி இருபது வருசம் கடந்துவிட்டது. அதற்கு மேல் இரண்டு வழிகள் இருந்தன. பாட்டுக் கேட்க, வீடியோ பார்க்கப் பல்ஸ்ஓடியோ. இசைப்பதிவுக்காரருக்கு ஜாக். இரண்டும் ஒரே சவுண்ட் காட்டுக்குச் சண்டை பிடிக்கும். ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடக்கவே ஒரு பின்னேரம் போய்விடும். விம் டெய்மன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இந்தச் சண்டையை முடித்து வைத்தது. பல்ஸ்ஓடியோவுக்காக எழுதியதும் ஜாக்குக்காக எழுதியதும் இப்போது அதன் கீழ் ஒன்றாக ஓடுகின்றன. 2021இல் ஃபெடோரா 34 அதைத் தன் வழமையான ஒலி அமைப்பாக்கியது. 2022இல் உபுண்டு 22.10உம் அந்த வழிக்கு வந்தது. இன்றைக்குப் புதிதாக லினக்ஸ் போடுகிற ஒருவர் அந்தப் பழைய சண்டையைப் பார்க்கவே மாட்டார்.

மிக்ஸர் பக்கம் வருவோம். யூஎஸ்பி வயரால் கணினியோடு ஒலியைப் பரிமாறுவதற்கு ஒரு பொது நியமம் இருக்கிறது. அதன் முதல் வடிவம் 1998இல் வந்தது. அந்த நியமத்துக்கு அமைய நடக்கிற கருவிகளை 'கிளாஸ் கொம்பிளையன்ட்' என்பார்கள். அப்படிப்பட்ட மிக்ஸரை லினக்ஸில் செருகினால் டிரைவர் இறுவட்டும் வேண்டாம், தரவிறக்கமும் வேண்டாம். செருகியவுடன் ஒலி அமைப்புகளுக்குள் அதன் பெயர் வந்துவிடும். மலிவான சில மிக்ஸர்கள் கம்பனிப் பெயரைக்கூடக் காட்டாமல் 'யூஎஸ்பி ஓடியோ கோடெக்' என்று மொட்டையாக வந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

ஆனால் கடையில் கேட்டால் விடை வராது. "லினக்ஸுக்கு வேலை செய்யுமா?" என்று நாங்கள் கேட்ட ஒரு கடையில், "அது என்ன மொடல் தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்கள். அவர்களில் குற்றமில்லை, பெட்டியில் லினக்ஸ் என்று எழுதியிருப்பதே அருமை. ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "டிரைவர் போடாமல் ஐபாட்டில வேலை செய்யுமா?" ஐபாட்டும் அதே பொது நியமத்தை நம்பித்தான் நடக்கிறது. அங்கே டிரைவர் இல்லாமல் ஓடுகிற மிக்ஸர் அனேகமாக லினக்ஸிலும் ஓடும். முடிந்தால் லப்டொப்பைக் கையோடு கொண்டு போங்கள். செருகிப் பார்த்து வாங்குவதற்கு மேல் ஒரு உத்தரவாதம் இல்லை.

வாங்க முதல் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. இதைத்தான் பலர் வாங்கிய பிறகு அறிகிறார்கள். மிக்ஸரில் எட்டு சனல் இருக்கிறது என்றால் கணினிக்குள்ளும் எட்டுத் தனித்தனிக் குரல் வரும் என்று அர்த்தமில்லை. சின்ன மிக்ஸர்களில் பெரும்பாலானவை எல்லாவற்றையும் கலந்து, இடம் வலம் என்று இரண்டே இரண்டு சனலாகத்தான் யூஎஸ்பிக்குள் அனுப்புகின்றன. சோற்றுக்குள் குழம்பைக் குழைத்த பிறகு குழம்பை மட்டும் எடுக்க ஏலாது. நாலு பேர் கதைத்து, அதில் ஒருவர் இருமினால், அந்த இருமல் எல்லாருடைய பேச்சோடும் கலந்துதான் கிடக்கும்.

இதைக் குறை என்று தள்ள வேண்டாம். இரண்டு பேர் கதைக்கிற நேர்காணலுக்கு இந்த இரண்டு சனலே தாராளம். கேட்பவரின் மைக்கை 'பான்' குமிழால் முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். சொல்பவரின் மைக்கை முழுக்க வலப்பக்கம் திருப்புங்கள். பதிந்து முடிந்ததும் ஓடாசிட்டியில் அந்த ஸ்டீரியோவை இரண்டாகப் பிரித்தால் இரண்டு குரலும் இரண்டு தடத்தில் இருக்கும். ஒரு மைக்கில் மற்றவரின் குரல் கொஞ்சம் தூரத்தில் கேட்கும், அது எந்த ஸ்டூடியோவிலும் நடப்பது. மலிவான மிக்ஸரில் இப்படி ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது என்று விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

நாடகக் குழு, வாத்தியக் குழு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிய வேணும் என்றால் பலதட மிக்ஸர் வேணும். சவுண்ட்கிராஃப்டின் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 சனலைக் கணினிக்குள் அனுப்பும். டாஸ்காம் மொடல் 12 பன்னிரண்டை அனுப்பும். பெஹ்ரிங்கரின் எக்ஸ்ஆர்18 பதினெட்டை அனுப்பும். இவற்றின் விலை தனியாள் தாங்குகிற விலை இல்லை. நாலைந்து குழுக்கள் சேர்ந்து வாங்கி முறை வைத்துப் பாவிக்கலாம். சனசமூக நிலையத்தில் கரம் போட்டையும் கிரிக்கெட் துடுப்பையும் பொதுவில் வைக்கிற ஊர்கள் எங்களுடையவை. ஒரு மிக்ஸரை அப்படி வைக்க ஏன் ஏலாது?

எங்கள் வாதத்தின் நடுப்பகுதி இதுதான்: குமிழ் உள்ள கருவியை வாங்குங்கள், செயலி தேவைப்படுகிற கருவியைத் தவிருங்கள். யமஹா ஏஜி03ஐ உதாரணத்துக்கு எடுப்போம். அதன் கெயின், ஃபேடர், கணினிக்கு எந்த ஒலி போக வேணும் என்று தெரிவு செய்கிற ஆளி எல்லாம் கருவியின் மேலேயே இருக்கின்றன. லினக்ஸில் அதெல்லாம் கையால் வேலை செய்யும். ஆனால் உள்ளே இருக்கிற கொம்பிரசர், ஈக்யூ போன்றவற்றை நுணுக்கமாக மாற்றுகிற யமஹாவின் மென்பொருள் விண்டோஸுக்கும் மக்குக்கும் செய்யப்பட்டது. லினக்ஸ்காரருக்கு அந்த அறைக் கதவு பூட்டு. மாறாக எக்ஸ்ஆர்18இல் சனல்களுக்குக் குமிழே இல்லை, கலவை எல்லாம் செயலியில். ஆனால் அந்தச் செயலியை அவர்கள் லினக்ஸுக்கும் தருகிறார்கள். ஆகவே பிராண்டைப் பார்க்காமல் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: கம்பனி நாளைக்கு இந்தச் செயலியைக் கைவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? குமிழுக்கு அப்டேட் வேண்டாம், சந்தா வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். பத்து வருசத்துக்குப் பிறகும் திருப்பினால் திரும்பும். தூசு பிடித்துக் கரகரத்தால் துப்பரவாக்கலாம்.

பழைய லப்டொப்பும் மிக்ஸரும் நல்ல சோடி என்று சொல்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. உங்கள் குரலைக் கணினி வழியாக ஹெட்போனில் கேட்டால் கொஞ்சம் பிந்தித்தான் கேட்கும். 48 கிலோஹேர்ட்ஸில் 1024 மாதிரிகள் கொண்ட பஃபர் என்றால் அந்த ஒன்றுக்கே 21 மில்லிசெக்கன் வரை. போய்வர இரண்டு மடங்கு. தன் குரலே எதிரொலியாகக் கேட்டால் யாரும் இயல்பாகக் கதைக்க மாட்டார்கள். பஃபரைக் குறைத்தால் பழைய புரொசசர் மூச்சுவாங்கி ஒலியில் 'டிக் டிக்' என்று வெடிப்பு விழும். மிக்ஸர் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஹெட்போனை மிக்ஸரில் செருகுங்கள், குரல் கணினிக்குள் போகாமல் நேரே காதுக்கு வரும். பிறகு பஃபரைத் தாராளமாகப் பெரிசாக வைக்கலாம். லப்டொப்புக்கு எழுதி வைக்கிற வேலை மட்டும்தான். அதைப் பத்து வயதுக் கணினியும் செய்யும்.

மென்பொருளுக்கும் தட்டுப்பாடு இல்லை. ஓடாசிட்டி 1999இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, கற்க ஒரு மாலை போதும். பல தடங்களில் வேலை செய்ய ஆர்டர் இருக்கிறது. ஜாக்கை எழுதிய போல் டேவிஸ்தான் அதையும் தொடக்கியவர். வீடியோவும் சேர்த்து என்றால் ஓபிஎஸ். மூன்றும் திறந்த மூலம். 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள். மிக்ஸர் 24 பிட் தந்தால் அதை எடுங்கள். 16 பிட்தான் என்றாலும் பேச்சுக்குக் குறைவில்லை. உரத்துக் கதைக்கும்போது அளவுகோல் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி கெயினை வைத்தால், ஆள் திடீரென்று சிரித்தாலும் அழுதாலும் ஒலி உடையாது. 16 பிட் ஸ்டீரியோ ஒரு மணித்தியாலத்துக்கு 700 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. முடிந்ததும் வேவ் கோப்பாக வெளியே எடுத்து, ஃபிளாக் ஆக ஒரு பிரதியும் வைக்க வேணும். இரண்டையும் எந்தக் கணினியும் எந்தக் காலத்திலும் திறக்கும். எம்பி3 பகிர்வதற்கு மட்டும்.

எங்கள் வீடுகளில் சத்தத்துக்குக் குறைவில்லை. காகம், மோட்டார் சைக்கிள், கோயில் ஒலிபெருக்கி, பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண்காரர். ஆகவே 48 வோல்ட் ஃபாண்டம் மின் கேட்கிற, மூலையில் விழுகிற ஊசியையும் கேட்கிற கொண்டென்சர் மைக்கை விட, வாய்க்குக் கிட்டப் பிடிக்கிற டைனமிக் மைக் எங்களுக்கு உகந்தது. மேடைகளில் பார்க்கிற சாதாரண மைக் அந்த வகைதான். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் முதலில் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது நிலத்தொடுப்புப் பிரச்சினை. பட்டரியில் வைத்துப் பதியலாம். ஆனால் இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் மூன்றாவது ஊசியை மட்டும் முறிக்க வேண்டாம். அது உயிரோடு விளையாடுகிற வேலை.

"ஃபோன் ஒன்று போதுமே" என்பார்கள். ஒருவர், அமைதியான அறை, பத்து நிமிசம் என்றால் உண்மையிலேயே போதும். அதற்கு மறுபேச்சு இல்லை. இரண்டாவது ஆள் வந்தவுடன் ஒருவர் கிட்ட, மற்றவர் தூர. நடுவில் அழைப்பு வரும், இடம் நிரம்பும். இன்னும் சிலர், "இப்ப ஏஐ எல்லாத்தையும் துப்பரவாக்கித் தரும்" என்பார்கள். தரும்தான். ஆனால் அந்தச் சேவைகளில் பல, குரலைத் தங்கள் சேர்வருக்கு ஏற்றச் சொல்கின்றன. பெரிய மொழிகளில் பழகிய கருவி, வன்னிக் கிழவி ஒருவர் பல்லில்லாத வாயால் சொல்கிற சொல்லை இரைச்சல் என்று நினைத்து அழித்தாலும் அழிக்கும். மூலம் சுத்தமாக இருந்தால் இந்தப் பயம் வேண்டாம்.

லினக்ஸுக்கும் குறை உண்டு, அதை மறைத்து யாரையும் கூட்டிக்கொண்டு போக விருப்பமில்லை. காசு கொடுத்து வாங்கிய பிளகின்களை நம்பி இசை செய்கிற ஆக்களுக்கு அவற்றில் பல இங்கே ஓடாது. சில மிக்ஸர்களின் ஃபேர்ம்வெயரைப் புதுப்பிக்க யாருடையதோ விண்டோஸ் கணினியை ஒருக்காக் கடன் வாங்க வேண்டி வரும். ஊர்க் கணினிக் கடைக்காரர் "எனக்கு உது தெரியாது" என்பார். முதல் வாரம் எரிச்சல் வரும். சினிமாவுக்குப் பின்னணி இசை செய்கிறவருக்கு நாங்கள் இதைச் சிபாரிசு செய்யவில்லை. எங்கள் பேச்சு, குரலைப் பதிகிற ஆக்களோடு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டிலில் இருந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்கிற அம்மாமாரை எல்லாருக்கும் தெரியும். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண் மூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் உங்களோடு கதைக்கச் சம்மதித்தால், அந்தக் குரல் எங்கே இருக்கிறது, யார் கேட்கலாம் என்பதைத் தீர்மானிக்கிற உரிமை அவருக்கு இருக்க வேணும். கள்ள விண்டோஸில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாத கணினியில், தானாக மேகத்துக்கு ஏற்றுகிற ஃபோனில் பதிந்துகொண்டு, "அம்மா, பயப்படாதேங்கோ" என்று எப்படிச் சொல்வது? லினக்ஸ் போடும்போதே முழுவட்டையும் மறைகுறியாக்கம் செய்கிற தெரிவைப் பெரும்பாலான பதிப்புகள் தருகின்றன. இணையத்தைக் கழற்றிவிட்டுப் பதியலாம். எதுவும் எங்கேயும் போகாது. அது முழுப் பாதுகாப்பு இல்லை, கணினியைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிற நாடு இது. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அது குறைந்தபட்ச ஏற்பாடு.

அந்தளவு பாரமில்லாத குரல்களும் இருக்கின்றன. கரைவலைப் பாட்டு, தோட்டத்து லயத்தில் ஆச்சி சொல்கிற பேய்க்கதை, மன்னாரிலும் மட்டக்களப்பிலும் அண்ணாவிமார் மனதில் வைத்திருக்கிற மெட்டுகள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சில் இருந்தவற்றை எண்ணிமப்படுத்திச் சேர்த்து, வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகிறது. அவர்களால் எல்லா ஊருக்கும் போக ஏலாது. ஊரில் இருக்கிற ஆக்கள் பதிந்தால்தான் சேர்க்க ஏதாவது இருக்கும்.

திறந்த மூலம் எங்களுக்கு அந்நியச் சரக்கும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்களையும் உதவிகளையும் பதிவு செய்ய இந்த நாட்டுக் கணினித் தொண்டர்கள் எழுதிய சஹானா மென்பொருள் திறந்த மூலம்தான். பிறகு அது வேறு நாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. காசு இல்லாத இடத்திலிருந்து உலகம் எடுத்துப் பாவிக்கிற ஒன்று வர முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேடத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் குழுக்களில் 'சவுண்ட் தெரிந்தவர்' என்று ஒருவர் இருப்பார். அனேகமாக ஆண். அவர் வராவிட்டால் அன்றைக்குப் பதிவு இல்லை. மிக்ஸர் வாங்கினாலும் அதை அவர் மட்டும் தொடுவார் என்றால் எதுவும் மாறவில்லை. ஆகவே குழுவில் ஒவ்வொருவரும் ஒருக்கா வயரைக் கழற்றித் திரும்பக் கொழுவிப் பழக வேணும்: மைக், கெயின், பான், ஃபேடர், யூஎஸ்பி, பதிவுப் பொத்தான். முதலில் தங்கச்சியிடம் கொடுங்கள். முதல் பதிவுக்கு ஆள் தேடித் தூரம் போகவும் வேண்டாம். வீட்டில் வயது கூடிய ஆள் யாரோ, அவரிடம் இந்தக் கிழமையே நேரம் கேளுங்கள்.